காம்புல நின்னவன்

ஹலோ... ஹலோ, வச்சிடாத! வச்சிடாதம்மா, நான்தான்... ஆமா, ஆபீஸ் நம்பர்தான். என் நம்பர்லேருந்து போட்டா நீ எடுக்கலியே. மூணு நாளா... சரி, சரி. எடுக்கத் தோணல. புரியுது... பாப்பா ஸ்கூலுக்குப் போனாளா?... ம்... ம்... அப்பா செருப்ப யாரும் எடுத்து உள்ள வைக்கக் கூடாதுங்கிறாளா?... சரி, வாசல்லயே கிடக்கட்டும். யாருக்கு என்ன இடைஞ்சல்...

என்னது? சாரா? என்னை சார்ங்கிறியா? ஒம்பது வருஷமா மாமா மாமான்னு கூப்பிட்ட வாயா இது?... சரி. ஆபீஸ் நம்பர்ல பேசினா சார்தான். நியாயந்தான்.

இல்லம்மா, ஒரு விஷயம். நம்ம சின்னவன் விஷயமாத்தான்... இறப்புச் சான்றிதழ் இல்ல, அது வேற மாடி. நான் சொல்றத முழுசாக் கேளு. எங்க காட்டுத்தீ விழிப்புணர்வுப் பிரிவுல புதுசா ஒரு படம் எடுக்கறோம். முப்பது செகண்டு. 'தீயை வென்ற தீரன்'னு தலைப்பு... வெல்லலதான். தெரியும். தலைப்பு நான் வைக்கல... சரி, நான்தான் வச்சேன். மோனைக்காக... விடு. அதுல அவன் குரல் வேணுமாம். அன்னிக்கு மலை மேலேருந்து கடைசியா உனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டானாமே... இருக்குல்ல?... ம்... எத்தன நீளம்?... முப்பத்தெட்டு செகண்டா. பரவால்ல, எட்ட வெட்டிக்கலா... ஐயோ, இல்லம்மா. அவன வெட்டறோம்னு சொல்லல. வாய் தவறி...

ஒரு நிமிஷம்மா... சொல்லுங்க சார். பேசிட்டுத்தான் சார் இருக்கேன். குடுப்பாங்க சார், என் தம்பி பொண்டாட்டிதானே... 'காடுகளைக் காப்போம்'னு அதுல எங்கயாவது வருதான்னா? கேக்கறேன் சார்.

கேட்டுச்சா? எங்க பெரிய சார். கண்ணாடிக் கதவுல தலைய மட்டும் விட்டுக் கேட்டுட்டுப் போறாரு... வரலையா. எனக்குத் தெரியாதா? அவன் வாயில 'காப்போம்' எங்க வரும்? 'மண்வெட்டிய எடுங்கடா, வெயில் ஏறுது'ன்னுதான் வரும்.

சிரிச்சியா?... இல்ல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு... சரி, அழு. அழும்மா. நான் லைன்லயே இருக்கேன்.

...

ம்... ம்... திட்டறதுன்னா திட்டு. ஆமா, தீப்பெட்டி குடுத்தோம். நாப்பதாயிரம் பெட்டி. 'காட்டில் தீ மூட்டாதீர்'னு அட்டையில அச்சடிச்சு, காட்டுக்குப் போற ரோட்டுல நின்னு, சும்மாவே... உள்ள குச்சியோடதான். காலிப் பெட்டிய எவன்யா கையில வாங்குவான்னு பெரிய சார் கேட்டாரு. புதுமையான பிரசாரம்னு கேடயம் குடுத்தாங்க. எங்க பெட்டியாலதான் பத்துச்சுன்னு எவனும் நிரூபிக்... சரி. சரி. விடு.

அணில் வேஷத்த ஏன் இப்ப இழுக்கற... ஆமா, அவன் வாக்கிடாக்கிக்கு பேட்டரி கேட்டு எழுதினான். நாங்க பிரசாரத்துக்குப் போட்டுக்கன்னு அணில் வேஷம் அனுப்பினோம். வாலோட. அவனே சொல்லிச் சிரிச்சான்மா, 'அண்ணே, தீ வந்தா இந்த வாலுதான் முதல்ல பிடிக்கும்'னு...

தெரியும். நீ எங்க வர்றேன்னு தெரியும். இலைக்குத்தான் வர்ற.

ஆமா, என் யோசனைதான். நானூறு பேருக்குப் பச்சை பனியன் போட்டு, மைதானத்துல இலை மாதிரி நிக்க வச்சு, மேலேருந்து ட்ரோன்ல ஒரு படம். ஊரு உலகமெல்லாம் பாத்துச்சு... பதினோரு நாள் ஒத்திகை. ஆமா, பதினொண்ணு. ஸ்கூல் பசங்ககூட ஒழுங்கா நின்னாங்க. இலையில நிக்க வந்த பேங்க்காரங்கதான் நடுவுல டீ குடிக்கக் கிளம்பிடுவாங்க, இலையில பொத்தல் விழுந்துடும்... சின்னவனோட தீத்தடுப்பு ஆளுங்கதான் காம்பு. வெயில் தாங்குவானுங்க, கோடு பிசகாம நிப்பானுங்கன்னு நான்தான் கேட்டு வாங்கினேன்... அது ஃபயர் லைன் போடற மாசம். தெரியும்மா. தெரியாமலா செஞ்சேன்?

என்ன சார்?... ஃபயர் லைன்னா, தீய வரிசையா வைக்கறது இல்ல சார். தீ வர்ற வழியில புல்லு, சருகு எல்லாத்தையும் செதுக்கி வாரி, தரைய மொட்டையா விட்டுடறது. அதத் தாண்டி வர தீக்கு ஒண்ணும் கிடைக்காது... கோடை தொடங்கறதுக்குள்ள சார்... ஆமா சார், வருஷா வருஷம்... நம்ம பிரிவு இல்ல சார். கீழ் மாடி.

கேட்டியா? இவருதான் விழிப்புணர்வுக்குத் தலைவரு. இன்னும் யாரு யாருக்கு விழிப்பு... ம். சரி, நான் பேசக் கூடாது. படம் எடுத்த மறுநாளே மேற்குச் சரிவுல தீ. கோடு இல்ல. தீ வந்தப்புறம் போய் கோடு போடப் பாத்தான். கூட வந்த ஆறு பேரையும் கீழ அனுப்பிட்டு இவன் மட்டும்... வேணாம். நீயும் சொல்லாத, நானும் சொல்லல.

...

என்ன சொன்ன? குடுக்கறியா?... நிஜமாவா?... என்ன நிபந்தனை, சொல்லு... முழுசா. முப்பத்தெட்டு செகண்டும். வெட்டாம, அடியில வயலின் போடாம... போடறோம்மா. பாப்பா மேல சத்... சரி, அவ மேல வேணாம். என் மேல சத்தியம். ஊரே கேக்கட்டும். நான் நின்னு செய்ய வைக்கறேன். ஒரு அண்ணனா இதக்கூடச் செய்யலேன்னா நான் என்ன மனுஷன்...

இப்பவேவா?... முதல்ல நான் கேக்கணுமா... சரி. போடு. உன் செல்போன வீட்டுப் போன் பக்கத்துல வச்சுப் போடு.

...

இருமறான்.

...

பின்னால என்னம்மா சத்தம்? மழை பெய்யற மாதிரி... ஓ. தீதானா அது.

...

ஆமா. நான்தான் சொன்னேன். 'ரெண்டே நாள் எங்கள விடுண்ணே, மேற்குச் சரிவுல கோடு போட்டுட்டு ஓடி வந்துடறோம்'னான். 'காம்பு இல்லாம இலை எப்படிடா நிக்கும்?'னேன். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்... அத அப்படியே சொல்லிக் காட்டறான் பாரு. என் குரல்லயே...

...

முடிஞ்சுதா?... இன்னொரு தடவ. கடைசிய மட்டும்... போடும்மா.

...

'அண்ணன்கிட்ட சண்டைக்குப் போயிடாத. அது பாவம், அதுக்கு மேல இருக்கறவங்க தொல்லை'ன்னு... அந்தப் புகையில நின்னுக்கிட்டு, மூச்சு முட்டிக்கிட்டு, என்னைப் பாவங்கிறான்மா.

அதனாலதான் நீ போன எடுக்கலியா?... எடுத்தா சண்டை போட்டுடுவேன்னு... அவன் சொல்லிட்டுப் போனதுக்காக... இருபது நாளா, இத மனசுல வச்சுக்கிட்டா காரியத்தன்னிக்கு எனக்கு சோறு போட்ட?...

வாங்க சார். உக்காருங்க... ஒண்ணுமில்ல சார், ஜலதோஷம்... இருக்காங்க சார், லைன்லதான். கேட்டேன். இப்பத்தான் போட்டுக் காட்டினாங்க... மெசேஜா?...

வந்து...

சரிப்படாது சார். இரைச்சல் ஜாஸ்தி. என்ன பேசறான்னே புரியல... இல்ல சார், ஒரு வார்த்தைகூடத் தெளிவா இல்ல. ஸ்டுடியோவுல சரி பண்ணினாலும் தேறாது... ஆமா சார். நல்ல கனமான குரலா ஒருத்தரப் பிடிச்சுப் பேச வச்சுடலாம். வசனம் நானே எழுதித் தர்றேன். சாயங்காலத்துக்குள்ள... சரி சார். கதவச் சாத்திட்டுப் போங்க சார்.

...

ம்மா... இருக்கியா?... மூச்சு விடறது கேக்குது. எல்லாத்தையும் கேட்டுட்ட... நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் சர்வீஸ் இருக்கு, அத ஊரே கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு... இல்ல, அது காரணமில்ல. அதான் காரணம். ஆமா, அதான்.

ஏதாவது சொல்லேன்... சும்மா இருக்காதம்மா. அவன் சொன்னா சொல்லிட்டுப் போறான், நீ சண்டை போடு. நாலு வார்த்தை நாக்கப் பிடுங்கிக்கற மாதிரி கேளு. சார்ன்னாவது கூப்பிடு... திட்டும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்...

ஹலோ?...