பியானோக்காரப் பொண்ணும் பூண்டுப்பொடியும்

அதான் அக்கா, அந்த டங்கு டங்குன்னு வர்ற சத்தந்தான? உங்களுக்கும் கேக்குதா? அப்பாடா. எங்க வீட்டுக்காரரு எனக்குக் காதுலதான் கோளாறுன்னு சொல்லிக்கிட்டுத் திரியுறாரு. உள்ள வாங்க, வாங்க. எட்டாம் மாடிக்குப் புதுசா வந்தவங்கதானே, எங்களுக்கு நேர் கீழ... அன்னிக்கு லிஃப்டுக்குள்ள கட்டிலத் திருப்ப முடியாம நின்னீங்களே, பாத்தேன். உக்காருங்க. அந்த ரப்பர் வாத்த நகத்திட்டு உக்காருங்க, அமுங்குனா கத்தும். மெதுவாப் பேசுவோம், என் பையன் ரித்திக் இப்பத்தான் தூங்குனான். பதினோரு மாசப் புள்ள.

இந்தப் புகார்ல கையெழுத்தா? போடுறேன் லா, அதுக்கென்ன. பேனா குடுங்க. 'ஒன்பதாம் மாடியில் இசைச் சத்தத்தை உடனே நிறுத்துமாறு'... ம், நல்லா எழுதிருக்கீங்க. மூணு பேரு போட்டாச்சா. ஒட்டுன வீட்டுக்காரிங்கிறதால என் கையெழுத்துதான் முக்கியமா? சரிதான், சரிதான்.

போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். பக்கத்து வீட்டு திவ்யதர்ஷினி கெட்ட பொண்ணு இல்ல. தானே பாட்டு எழுதும், தானே பியானோ வாசிக்கும், தானே பாடும். மொத ஆல்பம் போன வருசம் வந்துச்சு. பியானோவும் கொரலும் மட்டுந்தான், வேற ஒண்ணுமில்ல. கொழாய்ல தண்ணி சொட்டுற மாதிரி ஒண்ணு விழும்... அடுத்தது எப்ப விழும்னு பாத்துக்கிட்டு இருக்கும்போதே நமக்குத் தூக்கம் வந்துரும். நான் கொற சொல்லல. எங்க வீட்டுக்கு அது வரம். மத்தியானம் ஒரு மணிக்கு அது அந்தப் பக்கம் வாசிக்கும், இந்தப் பக்கம் இவன் சுவத்தப் பாத்துக்கிட்டே சாஞ்சிருவான். மூணு மணி வரைக்கும் அசைய மாட்டான்.

அந்த ரெண்டு மணி நேரந்தான் அக்கா எனக்கு. குளிக்கிறது, உக்காந்து சாப்புடுறது, பொடியப் பாட்டில்ல அடச்சு ஸ்டிக்கர் ஒட்டுறது. பூண்டுப்பொடி போடுறேன்ல, சிங்கப்பூர் பூரா இல்லேன்னாலும் இந்த புக்கிட் மேரா பக்கம் நாலு ப்ளாக்குக்கு என்னோட பொடிதான். பூண்டு தேக்கா மார்க்கெட்டுலதான் வாங்குவேன். தோல் உரிச்சு பாக்கெட்டுல வருதே, அதத் தொட மாட்டேன், வாசமே இருக்காது. மிக்ஸியும் ஆகாது, சூடாகிப் பொடி கட்டியாப் போயிரும். தெனமும் காலையில இடிகல்லுதான். இடிச்சாத்தான்... எதுக்குச் சொல்ல வந்தேன்?

ஆங், புது ஆல்பம். பன்னெண்டு பாட்டு. சனிக்கிழம தேக்கா பக்கத்துல ஒரு ஹால்ல வெளியிடுறாங்க. அதுவரைக்கும் மத்தியானத்துல ப்ராக்டிஸ். மொதப் பாட்டே எடுத்த எடுப்புல டங்... டக்கு டக்கு... சர்ர். டங்... டக்கு டக்கு... சர்ர். பியானோ அது பின்னாடியே மூச்சு வாங்க ஓடி வருது. நல்லாத்தான் இருக்கு, பொய் சொல்லக் கூடாது, பாத்திரம் கழுவுறப்ப என் இடுப்பே ஆடுது. ஆனா இவன் தூங்கணுமே? மூணு வாரமா மத்தியானத் தூக்கம் போச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் ரெண்டு கண்ணும் முழிச்சுக்கிது, குப்புறத் திரும்புறான், நேரா சமையக்கட்டுக்குத் தவழ்ந்து போயி, இடிகல்லுக்கு முன்னாடி வாயத் தொறந்துக்கிட்டு உக்காந்துக்குறான். நான் தலைக்கு எண்ண வெச்சு எத்தன நாளாச்சு தெரியுமா? பாட்டில் அடைக்கல, ஆர்டர் போகல. கோவம் வருமா வராதா? எங்க போடணும், இந்தக் கோட்டு மேலயா?

யாரு அந்தப் பொண்ணுக்கு இந்த யோசனையக் குடுத்தாங்கன்னு கேக்குறீங்க. நல்ல கேள்வி. யாரோ ஒரு வேலையத்தவங்க... சரி, நாந்தான்.

லிஃப்டுக்கு நின்னப்ப கேட்டுச்சு, "அக்கா, என் பாட்டெல்லாம் எப்படி இருக்கு?"ன்னு. நான் வெள்ளந்தியா, "அருமப்பா, என் பையன் பத்தே நிமிசத்துல தூங்கிர்றான்"னேன். மொகம் அப்படியே விழுந்துருச்சு. பாடுற புள்ளைகிட்ட தூக்கம் வருதுன்னு சொல்லக் கூடாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? சமாளிக்கிறதுக்காக, "கொஞ்சம் அடி போட்டா இன்னும் நல்லாருக்கும்"னேன். "என்ன அடி?"ன்னுச்சு. கூட்டிட்டு வந்து இடிச்சுக் காட்டுனேன். பலமா ஒண்ணு, லேசா ரெண்டு, அப்புறம் ஓரத்துல ஒட்டுனத வழிச்சு விடுறது. டங்... டக்கு டக்கு... சர்ர்.

மறுநா மைக்கத் தூக்கிட்டு வந்துருச்சு. நான் நைட்டியோட நிக்கிறேன். ஒரு கிலோ பூண்டு, மூணு தடவ எடுத்துச்சு. கடைசியில நானே, "இன்னும் கொஞ்சம் வேகமா இடிக்கவா?"ன்னு கேட்டேன். இப்ப ஆல்பம் அட்டையில போட்டுருக்கு, 'தாளம்: கண்மணி, ஒன்பதாம் மாடி'. எங்க வீட்டுக்காரரு குமரன் அத அவரு வேல பாக்குற செம்பவாங் கப்பல் யார்டு பூரா காட்டிட்டு வந்துட்டாரு.

இவனுக்கு என்னன்னா அக்கா, நான் இடிக்கிறப்ப பக்கத்துலதான் உக்காந்திருப்பான். அழாம இருக்கட்டும்னு வாயில ஒரு துளி வெல்லம் தடவுவேன். அது மண்டையில ஏறிருச்சு. டங்குன்னா வெல்லம். இப்ப பாட்டு ஓடுனாலும் வாயத் தொறக்குறான். என்னத்தச் சொல்ல...

சரி, அது எங்க வீட்டுக் கத. உங்களுக்கு எப்பக் கேக்குது? மத்தியானந்தான?

காலையிலயா? பத்து மணிக்கா... தெனமுமா?

திவ்யா அந்நேரம் வீட்டுலயே இருக்காதே. காலையில குவீன்ஸ்டவுன்ல சின்னப் புள்ளைங்களுக்குப் பியானோ சொல்லிக் குடுக்கப் போயிரும். பன்னெண்டு மணிக்குத்தான் வரும்.

ஓ.

உங்க வீட்டு சீலிங் விளக்குக் கூட ஆடுதா... இந்த எடத்துலயா, சமையக்கட்டுக்கு நேரா? எப்படி அக்கா ஆடுது? இப்படியா, டங்... டக்கு டக்கு...

ஐயோ, போச்சு. முழிச்சுட்டான். மேசையில தட்டுனதுக்கே முழிச்சுட்டான் பாருங்க. வா சாமி, வா. பாருங்க, யாரு வந்துருக்காங்கன்னு கூடப் பாக்கல, வாயத்தான் தொறக்குறான்.

அக்கா, எந்திரிக்காதீங்க, இருங்க. இந்த பாட்டில்ல ஒண்ணு எடுத்துக்குங்க, சுடுசோத்துல நல்லெண்ண ஊத்திப் பெசஞ்சு சாப்பிடுங்க. சனிக்கிழம என்கூட ஹாலுக்கு வாங்க, முன்வரிசையில எடம் குடுத்துருக்கு. அந்த மூணு பேருகிட்டயும் நானே போய்ச் சொல்லிக்கிறேன், ஆளுக்கு ஒரு பாட்டிலோட. பாவம் அந்தப் பொண்ணு, ஒரு வருசமா ஒழச்சுருக்கு, வெளியிடுற வாரத்துல புகார் போச்சுன்னா கையே ஓடாது அதுக்கு.

பேனா இந்தாங்க. பேப்பர் மட்டும் இங்க இருக்கட்டும் லா... நல்ல கெட்டிப் பேப்பரா இருக்கு, நாலா மடிச்சு இடிகல்லுக்கு அடியில வெச்சுக்கிறேன்.