இரண்டாவது பிரேக்

— வேணும்னா இப்படி எழுதி வச்சுக்கோ: சனிக்கிழமை, காலை ஏழு பத்து, பேக்கரிக்குப் பின்னால இருக்கிற சந்து. ஸ்டியரிங் முன்னாடி ஒரு ஆம்பளை உட்கார்ந்திருக்கார். வண்டி இன்னும் ஒரு அடி நகரல.

— எழுதறதுக்கு ஒண்ணுமில்ல. சாவியைத் திருப்புங்க.

— திருப்பினா கிளம்பிடுமே.

— அதுக்குத்தான் அதுக்கு வண்டின்னு பேரு.

— நீயே ஓட்டேன். நான் எப்பவும் போல பக்கத்துல உட்கார்ந்து பன்னைப் பிச்சுப் பிச்சு உன் வாயில குடுத்துட்டு வரேன். ரெண்டு வருஷமா அப்படித்தானே ஏரிக்குப் போறோம்? இல்ல கேக்குறேன், யாருக்கு என்ன குறைஞ்சு போச்சு?

— வாரம் பூரா ஊர்ப் பிள்ளைங்களுக்கு ஓட்டச் சொல்லிக் குடுக்கிறேன். சனிக்கிழமை ஒருநாளாவது சும்மா உட்கார்ந்து வரணும்னு எனக்கும் இருக்காதா? முடிவா சொல்லிட்டேன். நீங்க ஓட்டினா இனிமே ஏரி. இல்லன்னா மொட்டை மாடி.

— மொட்டை மாடியில மீன் கிடைக்காது.

— ஏரியில மட்டும்?

— சரி சரி, அந்தக் கதை வேண்டாம். மேல இருக்கிற போர்டையாவது கழட்டலாம்ல? ‘பயிற்சி வாகனம்’னு எட்டு ஊருக்குத் தெரியுற மாதிரி. இந்தத் தெருவுல அத்தனை பேரும் என்கிட்ட ரொட்டி வாங்குறவங்க. ஐம்பது தாண்டின மனுஷனைப் பார்த்துச் சிரிப்பாங்க.

— போர்டைப் பார்த்தா ஒதுங்கிப் போவாங்க. நமக்கு நல்லதுதானே? டிரைவிங் ஸ்கூல் வண்டியைக் கெஞ்சிக் கேட்டு வரவழைச்சதே உங்களுக்காகத்தான். குனிஞ்சு பாருங்க. என் கால்கிட்ட என்ன இருக்கு?

— பிரேக்.

— ரெண்டாவது பிரேக். ஆபத்துன்னா நான் மிதிப்பேன். சரியா?

— மிதிப்பியா?

— கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வேற என்ன பண்ணிட்டு இருக்கேன்?

— அடேங்கப்பா. டீச்சருக்குக் காலையிலேயே வாய் வந்துடுச்சு.

— ஒரே ஒரு சட்டம். கண்ணுல படுறது எல்லாத்தையும் வாய்விட்டுச் சொல்லிட்டே வரணும். என்கிட்ட படிக்கிற பயந்த ஆளுங்க எல்லாருக்கும் இதுதான். வாய் ஓடிட்டு இருந்தா பயத்துக்கு உள்ள வர இடம் இருக்காது.

— எல்லாத்தையுமா? காக்கா, குருவி?

— குறுக்க வந்தா காக்காவும்.

— சரி. சாவி திருப்பினேன். கிளட்ச். முதல் கியர். உதறுது.

— வண்டியா, நீங்களா?

— ரெண்டும். இதோ, நகருது. சந்து முனை. வலப்பக்கம் பால் வண்டி நிக்குது. தையல்கடைக்காரர் வாசல் தெளிக்கிறார். பார்த்துட்டார். சிரிக்கிறார். நான் சொன்னேன்ல?

— நீங்களும் சிரிச்சுட்டுப் போங்க. அப்புறம்?

— பெரிய ரோடு. பஸ் ஒண்ணு வருது. போகட்டும். போயிடுச்சு. இப்ப காலியா இருக்கு. சேர்ந்துட்டேன்.

— அவசரமில்ல. மாவு பொங்குற வரைக்கும் அடுப்பைத் திறக்க மாட்டீங்கள்ல? அதே பொறுமைதான் இங்கயும்.

— மாவு எதிர்ல ஹாரன் அடிச்சுட்டு வராதே. சிக்னல் வருது.

— என்ன நிறம்?

— ஏன், உனக்குத் தெரியாதா?

— என்னைக் கேக்காதீங்க. ஓட்டுறது யாரு?

— பச்சை. இல்ல, மஞ்சள் ஆயிடுச்சு. நிறுத்துறேன். சிவப்பு. எப்படி நிறுத்தினேன் பார்த்தியா? கோட்டுக்கு ஒரு சாண் முன்னாடி.

— குலுங்காம நின்னுச்சு. ரெண்டு வருஷம் தொடாத கைன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

— அந்த ரெண்டு வருஷத்தை ஏன் இப்ப இழுக்கிற?

— நீங்கதான் அதை மடியிலேயே வச்சுட்டுத் திரியறீங்க. ரொட்டி வேன் வாய்க்கால்ல இறங்குச்சு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ரொட்டி அத்தனையும் தண்ணியில மிதந்துச்சு. வாத்துங்களுக்கு ஒருநாள் விருந்து. அவ்வளவுதான் நடந்தது.

— அவ்வளவுதானா? பனியில குறுக்க ஒரு ஆள் வந்த மாதிரி இருந்துச்சு. கையைத் தூக்கி நிறுத்தச் சொன்ன மாதிரி. அதனாலதான் ஒடிச்சுத் திருப்பினேன். இறங்கிப் பார்த்தா யாருமே இல்ல. ஒரு வேலிக் கம்பம்கூட இல்ல. இல்லாத ஆளைக் காட்டுற கண்ணை வச்சுக்கிட்டு என்னத்த ஓட்டுறது?

— பச்சை விழுந்துடுச்சா?

— விழுந்துடுச்சு. கிளம்பினேன்.

— உங்க கண்ணை நீங்க நம்பல. நான் நம்புறேன். இன்னைக்கு ஒருநாள் என் பேச்சைக் கேளுங்க.

— பாலம் ஏறுறோம். கீழ ரயில் நிக்குது, அது நமக்கு வேண்டாம். முன்னாடி ஒரு லாரி, மூங்கில் ஏத்திட்டுப் போறான். பின்னால சிவப்புத் துணி கட்டியிருக்கான். தள்ளியே போறேன். சரி, ஒண்ணு கேக்கணும். டிக்கியில தூண்டில் இருக்கு, மடக்கு நாற்காலி இருக்கு, உன் வண்ணப் பெட்டியைக் காணோமே?

— வீட்ல இருக்கு.

— மறந்துட்டியா? திரும்பிடலாமா?

— வேண்டாம். இந்தத் தடவை நானும் தூண்டில் போடுறேன்.

— நீயா? புழுவைப் பார்த்தா அலறுவியே!

— புழுவை நீங்க மாட்டுங்க. மீன் இழுக்கிறது கையிலேயே தெரியும்னு சொல்வீங்கள்ல, அது எப்படின்னு பார்க்கணும்.

— அப்ப என் படம்? போன மாசம் ஏரிக்கரையில உட்கார வச்சு வரைஞ்சியே. தொப்பி அச்சு அசலா இருக்கு, தூண்டில் இருக்கு, நாற்காலியில கிழிஞ்ச துணிகூட இருக்கு. முகத்தை மட்டும் வெறும் தாளா விட்டுட்டு ‘அப்புறம்’னுட்ட. அடுப்புல பாதி வெந்த பன் மாதிரி அது அலமாரியில கிடக்குது.

— உங்க முகம் எனக்கு மனப்பாடம். எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம். ரோட்டைச் சொல்லுங்க, சத்தத்தைக் காணோம்.

— லாரி பிரிஞ்சு போயிடுச்சு. இப்ப கிளை ரோடு. ரெண்டு பக்கமும் மரம். வெயில் கட்டம் கட்டமா விழுது. எதிர்ல யாருமில்ல. அட, நாலாவது கியர் போட்டுட்டேன், கவனிச்சியா? கையே போட்டுச்சு.

— கவனிச்சேன். காதுக்கே தெரியுது.

— என்னமோ தெரியல, நல்லாத்தான் இருக்கு. பக்கத்துல உட்கார்ந்து வந்தப்ப இந்த ரோடு இவ்வளவு அழகுன்னு தோணல. அதோ, உனக்குப் பிடிச்ச அந்த ஓட்டு வீடு. புதுசா பெயின்ட் அடிச்சிருக்காங்க. எப்படி இருக்கு?

— என்ன கலர்?

— நீல... நாய்! நாய், நாய்!

— ஐயோ!

— நின்னுடுச்சு. அப்பா. நின்னுடுச்சு.

— மூச்சு விடுங்க. முதல்ல மூச்சு. நாய் எங்க?

— போயிடுச்சு. வாலை ஆட்டிட்டுப் போகுது, ஏதோ நான் அதுக்கு மரியாதை பண்ணின மாதிரி.

— தண்ணி குடிங்க. பின்னால யாராவது வராங்களா? கண்ணாடியைப் பாருங்க.

— யாருமில்ல. போதும். நீ இந்தப் பக்கம் வந்துடு.

— இன்னும் எவ்வளவு தூரம்?

— போர்டுதான் நிக்குதே. ஆறு கிலோமீட்டர்.

— ஆறு கிலோமீட்டர்தானே? இங்க விட்டீங்கன்னா அப்புறம் எப்பவும் இல்ல. நாய் இருந்துச்சா, இல்லையா?

— இருந்துச்சு. கறுப்பு நாய். ஒரு காது வெள்ளை.

— அப்ப உங்க கண்ணு இருக்கிறதைத்தானே காட்டுச்சு? கிளம்புங்க. அவசரமில்ல, மெதுவா.

— பிடிவாதக்காரி. சரி. கிளட்ச். முதல் கியர். வளைவு வருது. ஹாரன் அடிக்கிறேன். ஒரு சைக்கிள், பின்னால புல்லுக்கட்டு. ஒதுங்கிட்டார். கை காட்டுறார், நானும் காட்டிட்டேன். இறக்கம். தண்ணி தெரியுது. அதோ, மரத்துக்கு நடுவுல பளபளன்னு.

— வெளிச்சம் தெரியுது.

— நம்ம இடத்துல யாரும் இல்ல. மூணு படகு கட்டிக் கிடக்குது. வேலியோரமா விடுறேன். கை பிரேக். நியூட்ரல். எஞ்சினை அணைச்சாச்சு.

— கையைக் குடுங்க ஐயா. என்கிட்ட படிச்சதுலேயே வயசான மாணவன் பாஸ்.

— அதெல்லாம் சும்மா. நீ பக்கத்துல இருந்த, வந்து சேர்ந்தோம். உண்மையைச் சொல்லணும்ல? நாய்கிட்ட நீ மட்டும் மிதிக்காம இருந்திருந்தா அது இந்நேரம் செத்திருக்கும், நானும் வாழ்நாள்ல ஸ்டியரிங்கைத் தொட்டிருக்க மாட்டேன். இந்தா சாவி. சாயங்காலம் திரும்பும்போது நீ ஓட்டு.

— நான் மிதிக்கல.

— விளையாடாதே.

— கால் பிரேக் மேலதான் இருந்துச்சு. அழுத்தறதுக்கு நீங்க நேரமே குடுக்கல. ‘நாய்’னு வாயில வரும்போதே வண்டி நின்னுடுச்சு. அது முழுசும் உங்க கால்.

— சத்தியமா?

— சத்தியமா.

— அப்ப நானா நிறுத்தினேன்? ... நானேவா? அடேங்கப்பா. இரு, எனக்குச் சிரிக்கிறதா அழுறதான்னு தெரியல. ஆனா ஒண்ணு இடிக்குது. பதினெட்டு வருஷமா டீச்சர் நீ. கன்னுக்குட்டி மாதிரி அவ்வளவு பெரிய நாய், நட்ட நடு ரோட்டுல. எனக்கு முன்னாடி உனக்குல்ல தெரிஞ்சிருக்கணும்? உன் கால் தானா போயிருக்குமே?

— தெரிஞ்சிருந்தா போயிருக்கும்.

— என்ன பேச்சு இது? எங்க பார்த்துட்டு இருந்த?

— ரோட்டைத்தான்.

— ரோட்டைப் பார்த்துட்டு இருந்தவளுக்கு ரோட்டு நடுவுல நின்ன நாய் தெரியாதா?

— நடுவுல நின்னதாலதான் தெரியல. எதைப் பார்த்தாலும் நடுவுல ஒரு மங்கல்; ஓரத்துல நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும். கண் டாக்டர் போன வாரமே என்னை இனிமே ஓட்டக் கூடாதுன்னுட்டார். சாவியை நீங்களே வச்சுக்குங்க.