கூடத்து டிவியில் மட்டும் நேற்று

கம்ப்யூட்டரில் டிவி பார்க்க உதவும் ட்யூனர் கார்டை வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கூடவே வரும் கையேட்டைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. கார்டைச் சொருகினோமா, கேபிளை மாட்டினோமா, படம் வந்ததா என்று போய்விடுவார்கள். நான் அட்டை முதல் அட்டை வரை படித்தேன். நீங்கள் கேட்கிற விஷயம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். தனியாகக் கடை கிடையாது. மாமனார் வீட்டில் வாசலையொட்டிய அறைதான் எனக்குப் பட்டறை. வீட்டோடு மாப்பிள்ளை என்று மற்றவர்கள் சொல்வார்கள். மாமனார் சொன்னதில்லை. அப்படிச் சொல்வதென்றால் 'மாப்பிள்ளை' என்ற சொல்லை என்மேல் செலவழிக்க வேண்டியிருக்கும். எனக்கு அவர் வைத்திருந்த பெயர் 'ஏம்ப்பா'. "ஏம்ப்பா, ஃபேனைக் கொஞ்சம் குறை." "ஏம்ப்பா, வாசல்ல யாரு, போய்ப் பாரு."

மாப்பிள்ளை என்ற சொல் முழுவதும் என் சகலைக்குப் போய்விட்டது. இளைய மகளைக் கட்டியவர், காப்பீட்டு நிறுவனத்தில் அதிகாரி, ஆற்றோரத் தெருவில் சொந்த வீடு. அவர் கார் வாசலில் நின்றால் மாமனார் தன்னுடைய பிரம்பு நாற்காலியை விட்டு எழுந்து, துண்டால் ஒரு தட்டுத் தட்டி, "வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க" என்பார். சகலை உட்கார்ந்து என் அறைப் பக்கம் திரும்பி, "என்ன டப்பா டாக்டரே, நோயாளிங்கல்லாம் சௌக்கியமா?" என்பார். மாமனார் பல்செட் நழுவும்வரை சிரிப்பார். நானும் சிரிப்பேன். கல்யாணமான நாளிலிருந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முத்திரை குத்தாத தராசை நம்பாத மனுஷன். ஓய்வுக்குப் பிறகு, உலகத்தில் முத்திரை குத்திய ஒரே பொருளாக அவருக்குத் தெரிந்தது டிவிதான். செய்தித்தாள் நேற்றைய சங்கதி, அக்கம்பக்கத்தார் சொல்வது வம்பு, ஜன்னலோ ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிற சாமான் என்பார். வெளியே மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். "டிவியில ஒண்ணும் சொல்லலையே" என்று குடையில்லாமல் கிளம்புவார். தொப்பலாக நனைந்து வந்து, செய்தியில் அந்த மழையைப் பார்த்த பிறகுதான் தும்முவார்.

பழைய டிவிக்குப் பதிலாகக் கூடத்தில் பெரிய திரை வைத்தபோது, அதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை நானே கூட்டிக் கொடுத்தேன். ட்யூனர் கார்டைச் சொருகிய முதல் நாள் படம் வந்தது, சத்தம் வரவில்லை. மறுநாள் சத்தம் வந்தது, படம் பச்சையாக இருந்தது. மூன்றாம் நாள் இரண்டும் சேர்ந்து வந்தன. "ஒரு டிவிக்கு எதுக்குப்பா இத்தனை பெரிய பெட்டி?" என்றார் மாமனார். பழைய டிவியை என் அறைக்கு எடுத்துக்கொண்டு, அதே கேபிளில் ஒரு கிளை பிரித்து மாட்டிக்கொண்டேன்.

கையேட்டில் ஒரு வசதியைப் பற்றி எழுதியிருந்தது. நேரடியாக ஓடும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்துவிட்டு, வேலையை முடித்து வந்து, விட்ட இடத்திலிருந்து பார்க்கலாம். நடப்பதெல்லாம் பெட்டிக்குள் சேர்ந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர் பின்னாலேயே வந்துகொண்டிருப்பார்.

ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே மாமனார் குளிக்கப் போனார். பாவம், ஆட்டம் போய்விடுமே என்று நிறுத்தி வைத்தேன். வந்ததும் ஓடவிட்டேன். என் அறையில் ஆட்டம் அதற்குள் பத்து நிமிடம் முன்னால் போயிருந்தது. தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தபோது, வாய் சும்மா இராமல், "இவன் அடுத்த ஓவர்ல போயிடுவான் மாமா" என்றேன். போனான்.

மாமனார் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகம் எப்படியிருக்கும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"எப்படிப்பா சொன்ன?"

"தோணிச்சு மாமா."

"அடுத்து வர்றவன்?"

அறைக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். ஆட்டம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை சொன்னேன். கடைசியில் அவர், "மாப்பிள்ளை, இப்படிச் சேரை இழுத்துப் போட்டு உக்காருங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு பெரிய வார்த்தை எதுவும் தேவையில்லை.

அதன் பிறகு அந்தப் பத்து நிமிடத்தை நான் சரிசெய்யவில்லை. செய்தியின் மூலையில் தெரியும் நேரத்தைப் பார்த்து, சுவர்க் கடிகாரம் வேகமாக ஓடுகிறது என்று மாமனாரே அதைப் பத்து நிமிடம் பின்னால் தள்ளி வைத்தார். போகிற பேருந்தையெல்லாம் தவறவிட்டு, "டிரைவருங்களுக்கு இப்ப என்ன அவசரமோ" என்று திட்டிக்கொண்டு வந்தார்.

ஆனால் பத்து நிமிடத்தில் விளையாட்டைத்தான் சொல்ல முடியும். பெரிய விஷயங்களைச் சொன்னால்தான் மரியாதை நிலைக்கும். ஐந்து மணி நேரம் வைத்துப் பார்த்தேன். சாயங்காலம் விளக்கு ஏற்றிய பிறகு மதியச் செய்தி ஓடியது. மனுஷன் மறுபடி மதியச் சாப்பாடு கேட்டார். இது சரிப்பட்டு வராது என்று புரிந்தது. யோசித்துப் பார்த்ததில் முழுதாக ஒரு நாள் என்றால் எந்தச் சண்டையும் இல்லை. கடிகாரமும் வெயிலும் ஒத்துப்போகும். காலண்டரில் ஒரே ஒரு தாளைக் கிழிக்காமல் விட்டால் போதும். இன்னொரு ஹார்ட் டிஸ்க் மாட்டினேன்.

என் மனைவி மருத்துவமனையில் நர்ஸ். டிவி பார்க்க அவளுக்கு ஏது நேரம். ஒருநாள் வேலை முடிந்து வந்தவள், அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து நின்றாள்.

"எங்கப்பா கிளம்பிட்டீங்க?"

"பேங்குக்கும்மா."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைப்பா."

"டிவியைப் பாரும்மா. சனிக்கிழமை."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தவளுக்குக் கிழமையைப் பற்றிச் சண்டை போடத் தெம்பில்லை. "வயசாயிடுச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் படுக்கப் போனாள். மாமனார் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "சனிக்கிழமைகூடத் திறக்காம அப்படியென்ன பேங்கு" என்றார்.

ஒரு நாள் என்பது எவ்வளவு பெரிய சொத்து என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். புயல் திசை மாறும் என்றேன், மாறியது. ஒரு மந்திரி ராஜினாமா செய்வார் என்றேன், செய்தார். மாமனார் போனில் எல்லோரிடமும், "டிவியில சொல்றதுக்கு முன்னாடியே எங்க மாப்பிள்ளை சொல்லிட்டாரு" என்றார். மாமனார் பொய் சொல்லமாட்டார் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் சொன்னதில் பொய்யும் இல்லை. அவர் தேதியைக் குழப்புவதை வயதின் கணக்கில் எழுதிவிட்டு, மற்றதை நம்பினார்கள்.

சகலையும் நம்பினார். டப்பா டாக்டர் என்பதை விட்டுவிட்டு, என் அறை வாசலில் வந்து தயங்கி நின்று, "சகலை, எனக்கு மாற்றல் வருமா, வராதா?" என்று கேட்டார். "இழுத்தடிச்சு வரும்" என்றேன். எந்த அலுவலகத்தில்தான் இழுத்தடிக்காமல் வரும். வந்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர் என்றுதான் நானும் நினைத்தேன். என்றாலும் அவர் வந்தால் மாமனார் அவருக்கும் நாற்காலியைத் தட்டிப் போடத்தான் செய்தார். ஒரு வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். அதில் யார் முதல் என்பதுதான் பாக்கியிருந்தது.

இனி நீங்கள் கேட்ட நாள். மலைப் பக்கம் அடைமழை. மதியம் என் அறை டிவியில் சொன்னார்கள்: அணை நிரம்பிவிட்டது, சாயங்காலம் மதகுகளைத் திறக்கிறார்கள், ஆற்றோரத் தெருக்களில் இருப்பவர்கள் உடனே வெளியேற வேண்டும். கூடத்து டிவியில் முந்தின நாள் ஓடிக்கொண்டிருந்தது. மஞ்சள் உடை போட்ட பெண் ஒருத்தி, அணையில் பாதித் தண்ணீர்தான் இருக்கிறது, கவலைப்பட ஒன்றுமில்லை என்று சிரித்தாள்.

எனக்கு முதலில் சகலை வீட்டு ஞாபகம்தான் வந்தது. இதை எழுதிக்கொள்ளுங்கள். உடனே சொல்ல எழுந்தேன். இவ்வளவு பெரிய விஷயத்தைப் பனியனோடு போய்ச் சொல்வது நன்றாயிருக்காது என்று பட்டது. வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டேன். ஒரு கைதான் தேய்த்திருப்பேன், கூடத்தில் போன் அடித்தது. சகலைதான்.

"எந்த டிவியில சொன்னான்?" என்று மாமனார் இரைந்தார். "என் டிவியில பாதித் தண்ணிகூட இல்லைன்னு இப்பதான் சொல்றான். கிளம்பி இங்க வர்றதா? பச்சைப் புள்ளையத் தூக்கிக்கிட்டு இந்த மழையிலயா? இருங்க, இருங்க. மாப்பிள்ளையையே கேட்டுடறேன்."

ரிசீவரைப் பொத்தாமலேயே என்னைப் பார்த்தார். "மாப்பிள்ளை, ஆத்துத் தண்ணி ஊருக்குள்ள வருமாம். இவரு சொல்றாரு. வருமா?"

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். வரும் என்று சொன்னால் அது யார் சொன்னதாக ஆகும்? சகலை சொன்னார், நான் தலையாட்டினேன் என்றுதான் ஆகும். அன்று ராத்திரியே அவர் குடும்பத்தோடு வந்து இறங்குவார். பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, வெள்ளத்தைத் தான் எப்படி முன்கூட்டியே கண்டுபிடித்தார் என்று கதை சொல்வார். நான் அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுப்பேன்.

"வராது மாமா" என்றேன்.

"கிளம்பி வரவேண்டாமா?"

"எதுக்கு அலைச்சல். வீட்டுலயே இருக்கச் சொல்லுங்க."

"கேட்டீங்களா? மாப்பிள்ளை வராதுங்கறாரு. பேசாம வீட்டுல இருங்க" என்று மாமனார் போனை வைத்தார். என்னிடம், "கலெக்டரே சொன்ன மாதிரி நிம்மதியாப் போச்சு" என்றார்.

நான் அதோடு விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நானாகவே போய், "என்னவோ மனசு சரியில்லை மாமா, அவங்களை வரச் சொல்லுங்க" என்று ஆரம்பிப்பதாக இருந்தேன். அப்போது அது என் வாக்காக இருக்கும். சட்டையைத் தேய்த்து முடித்து, போட்டுக்கொண்டு, தலை சீவிப் போனை எடுத்தேன். அந்தப் பக்கம் மணி அடிக்கவே இல்லை. தண்ணீர் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டது.

கொழுந்தியாளையும் குழந்தையையும் சகலை பக்கத்துக் கட்டிடத்து மொட்டை மாடியில் ஏற்றி விட்டிருக்கிறார். டிவியைப் பரணில் வைத்துவிட்டு வருகிறேன் என்று அவர் மட்டும் மறுபடி வீட்டுக்குள் போயிருக்கிறார். மறுநாள்தான் கிடைத்தார்.

மறுநாள் கூடத்து டிவியில் வெள்ளம் வரவேண்டிய முறை. நான் அதை வரவிடவில்லை. பாதித் தண்ணீர் இருந்த அந்த நாளையே திரும்ப ஓடவிட்டேன். "இந்தப் பொண்ணுக்கு வேற துணியே கிடையாதா?" என்று மாமனார் கேட்டதோடு சரி. அந்தக் கூடத்துக்குள் என் சகலை இன்னும் ஒரு நாள் உயிரோடு இருந்தார். அவருக்கு என்னால் முடிந்தது அது.

சாயங்காலம் என் மனைவி தங்கையை மருத்துவமனையிலிருந்தே கூட்டி வந்தாள். கொழுந்தியாள் அப்பாவின் மடியில் விழுந்து, "போயிட்டாருப்பா, போயிட்டாரு" என்று கதறினாள். மாமனார் அவள் தலையைத் தடவிக்கொண்டே திரையைப் பார்த்தார்.

"அழாதம்மா. யாரோ வம்பு பேசியிருக்காங்க. டிவியில ஒண்ணுமே சொல்லலையே. மாப்பிள்ளையும் வராதுன்னாரே."

என் மனைவி திரையின் மூலையிலிருந்த தேதியைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கார்டிலிருந்து கேபிளைப் பிடுங்கித் திரைக்குப் பின்னால் நேராகச் சொருகினாள். ஆறு வந்தது. தெருக்கள் வந்தன. பரண் உயரத்துக்குச் சேற்றுக் கோடு போட்ட வீடு வந்தது. வாசலில் குப்புறக் கிடந்த காரை மாமனாருக்கு அடையாளம் தெரிந்தது.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

"மாப்பிள்ளை, இதை நீங்க சொல்லவே இல்லையே."

அதன் பிறகு அவர் எதையும் கேட்கவில்லை. இன்றுவரை டிவியையும் போடவில்லையாம். ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறாராம்.

பெட்டி உங்கள் மேஜைமேல் இருக்கிறது. எந்தப் பிரிவில் வழக்கு எழுதுவது என்று நீங்கள் குழம்புவதும் தெரிகிறது. என்னால் உங்களுக்குச் சிரமம் வேண்டாம். மதியமே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வராது என்றேன், தெரிந்துதான் அவர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னேன். எங்கே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்களோ அங்கே போடுகிறேன். ஆனால் சகலை சாக வேண்டும் என்று நான் நினைத்ததாக மட்டும் எழுதாதீர்கள், அது அபாண்டம். அவர் ஐந்து நிமிடம் பொறுத்துப் போன் செய்திருந்தால், நானே முதலில் சொல்லி அவரைக் காப்பாற்றியிருப்பேன்.