சித்திரையில் காயாத புண்

திருப்பூர் வெயிலைத் திட்டுறவங்களை எனக்குப் பிடிக்காதுங்க டாக்டரம்மா. மதுரைப் பக்கமிருந்து பொழைக்க வந்து ஒம்பது சித்திரை பாத்துட்டேன். கொடியில துணியைப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள காஞ்சிரும். அதுல என்ன குறை?

எங்க வீட்டுக்காரர் வீரணன் பனியன் கம்பெனியில அயர்ன் மாஸ்டர். விடிஞ்சதுலேருந்து அடையிற வரைக்கும் நின்ன கால்தான். ஞாயித்துக்கிழமையும் ஷிப்மெண்ட்டும்பாரு. வீட்டுக்கு வந்தா சோறு, தூக்கம். பிள்ளை குட்டியும் இல்லை. சுவரோட பேசிப் பேசியே எனக்குச் சலிச்சுப் போச்சு. அப்பத்தான் அவருக்குக் கால் நரம்பு சுருட்டிக்கிட்டு, நீங்க ஆபரேஷன் பண்ணினீங்க. "காலை நீட்டிப் படுத்தே இருக்கணும்"னு சொன்னீங்க. உங்களுக்குக் கோயில் கட்டலாம்னு இருந்துச்சு.

சிமெண்ட் ஷீட்டு வீடு, அடுப்பா கொதிக்கும். தரையில தண்ணி தெளிச்சு, ஜன்னல்ல என் சேலையை நனைச்சுத் தொங்க விடுவேன். நான் நுங்கு நோண்டிக் குடுக்க, அவரு சின்ன வயசுல கிடா திருடி மாட்டின கதையைச் சொல்வாரு. தாயம் ஆடுவோம். நான் அந்தப் பக்கம் திரும்பினா காயை நகத்திருவாரு. சிரிச்சா அவருக்கு ஒரு கன்னம் மட்டும் குழியும்னு அப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது.

ஒருநாள், "புண்ணு நல்லாக் காஞ்சிருச்சு புள்ள. திங்கக்கிழமை வேலைக்குப் போறேன்"னாரு.

நான் சண்டையெல்லாம் போடலை. மத்தியானம் கட்டு மாத்தும்போது, பனியன் வேஸ்ட் துணியை அரிசி கழுவின தண்ணியில நனைச்சு உள்ள வச்சுக் கட்டினேன். "சில்லுன்னு இருக்கு"ன்னாரு. மறுநாளும் வச்சேன்.

"இந்த வெயில்ல இந்தப் புண்ணு ஏன் காயலை?"ன்னு நீங்க கேட்டீங்க. "வேர்வைங்க"ன்னு சொன்னேன். மாத்திரையை மாத்திக் குடுத்தீங்க. ஒண்ணை அவருக்குக் குடுப்பேன், ஒண்ணைச் சாக்கடையில போடுவேன். ரொம்பவும் கெடுத்துரக் கூடாதில்லீங்களா.

காய்ச்சல் வந்து கால் விரல் கறுத்த அன்னைக்கே ஆட்டோ கூப்பிட்டிருக்கலாம்தான். பக்கத்து வீட்டு ரோஸ்மேரியும் சொன்னா. ஆனா அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லை. அப்படிப் பிடிச்சதே இல்லீங்க அவரு. நானா எப்படி உருவிக்கிட்டு எந்திரிக்கிறது? ரெண்டு நாள் அப்படியே உக்காந்திருந்தேன். அதுக்குள்ள முட்டி வரைக்கும் ஏறிருச்சு. நீங்க காலை எடுத்தீங்க.

ஆமாங்க, நான்தான் பண்ணினேன். போலீசு வந்தாலும் இதையேதான் சொல்வேன். மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?

நேத்து கண்ணு முழிச்சதும் அவரு என்னைத்தான் தேடினாரு. "செல்லத்தாயி, நீ மட்டும் பக்கத்துல இல்லேன்னா நான் என்னாகியிருப்பேன்"னு கேட்டாரு. நீங்களே சொல்லுங்க டாக்டரம்மா, கெடுதல் பண்ணினவளைப் பாத்து யாராச்சும் அப்படிக் கேப்பாங்களா?