கேதீஸ்வரனின் கணக்கு பிழைக்கவில்லை

மேடையில் அமர்ந்திருக்கும் நமது கிளைத் தலைவர் சிறிதரன் அவர்களே, கவுன்சிலர் ஹரிப்பிரியா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மேனுகா அவர்களே, கணவர் கேதீஸ்வரனை இழந்து மூன்று வாரமே ஆன யோகராணி அம்மா அவர்களே, சனிக்கிழமை மத்தியான ஓய்வை விட்டுவிட்டு இந்த வென்ட்வொர்த்வில் மண்டபத்துக்கு வந்திருக்கும் கட்சித் தோழர்களே, நண்பர்களே, உங்கள் எல்லோருக்கும் கல்யாணசுந்தரத்தின் வணக்கம்.

எனக்கு ஏழு நிமிடம் தந்திருக்கிறார்கள். கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்வேன். சிறிதரன் மணி அடித்தாலும் நிறுத்தப் போவதில்லை, அதனால் அவர் அந்த மணியை இப்போதே கீழே வைத்துவிடலாம்.

மறைந்த கேதீஸ்வரனோடு தோளோடு தோள் நின்றவர்கள் எனக்கு முன்னால் பேசிவிட்டார்கள். நான் அவருக்கு எதிரே நின்றவன். கவுன்சில் தேர்தலில் கட்சியின் சார்பில் யார் நிற்பது என்பதை முதலில் நம் கிளை உறுப்பினர்கள் வாக்குப் போட்டு முடிவு செய்கிறோம். அந்த உட்கட்சித் தேர்தலில் இரண்டு முறை ஒரு வேட்பாளருக்கு அவர் வியூகம் வகுத்தார், எதிர் வேட்பாளருக்கு நான் வகுத்தேன். ஒருவரை எதிரே உட்கார்ந்து பார்த்தவனுக்குத் தெரிவது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. அதனால்தான் பேச வந்தேன்.

நான் ரயில்வே சிக்னல் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். உருகிப் பேச எனக்கு வராது. வந்தாலும் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

கேதீஸ்வரன் யார்? வெஸ்ட்மீட் மருத்துவமனையில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் வேலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அகதிகளை அடைத்து வைத்திருக்கும் வில்லாவுட் தடுப்பு முகாமுக்குப் போய், பார்க்க ஆளில்லாத பையன்களைப் பார்த்துவிட்டு வந்தவர். அவர்கள் ஒருவருக்கும் வாக்கு கிடையாது. வாக்கில்லாத இடத்துக்கு வாராவாரம் போன ஒரு கட்சிக்காரரை இந்த ஊரில் நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். போன மாதம் வேலைக்குக் கிளம்பிக் கார்க் கதவைத் திறந்தவர், ஏறவில்லை. வயது ஐம்பத்தெட்டு.

எட்டு வருடங்களுக்கு முன் நாங்கள் முதல் முறை மோதினோம். நான் கம்ப்யூட்டரில் பட்டியல் போட்டு, வீடு வீடாகப் போய், முப்பத்துநாலு பேரிடம் ஆமாம் வாங்கி வந்தேன். முடிவு வந்தது. முப்பத்துநாலு, இருபத்தைந்து. என் எண்ணிக்கை சரிதான், வேட்பாளர்தான் மாறிவிட்டார்! எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம் அதிகம். அவரிடமே போய்க் கேட்டேன்.

"எல்லாரும் ஆமான்னுதானே சொன்னாங்க, கேதீஸ்?"

"சுந்தரம் அண்ணை, எங்கட சனம் வீட்டை வந்த ஆளுக்கு இல்லை எண்டு சொல்லாது. தேத்தண்ணியும் குடுத்து, ஓமும் சொல்லி அனுப்பும்."

"அப்போ யாரு நமக்குப் போடுவாங்கன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"சண்டை பிடிக்கிற ஆள். குப்பைத் தொட்டி ஏன் நேரத்துக்கு எடுக்கேல்லை எண்டு என்னோட அரை மணித்தியாலம் சண்டை பிடிக்கிறவர் எனக்குத்தான் போடுவார். போடாத ஆளெண்டால் ஏன் மினக்கெட்டுக் கதைக்கப் போறார்?"

இதுதான் அவருடைய வியூகம்! யார் எவ்வளவு நேரம் சண்டை போட்டார்கள் என்று ஒரு பள்ளிக்கூட நோட்டில் நிமிடக் கணக்கில் குறித்து வைத்திருந்தார். வேறு எந்தக் கட்சியில், எந்தத் தேர்தலில், யார் இப்படி எண்ணியிருக்கிறார்கள்?

மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தைத் தாண்டி வாக்குக் கேட்பதில்லை என்று நாங்கள் இருவரும் பேசி வைத்திருந்தோம். அவர் மீறியதில்லை. நான் மீறியிருக்கிறேன். ஒரு தைப்பூசத்தன்று அன்னதான வரிசையில் நின்றபடியே முன்னால் இருந்தவரிடம் என் வேட்பாளர் ஹரிப்பிரியாவைப் பற்றி ஆரம்பித்தேன். கரண்டியோடு நின்று பரிமாறிக்கொண்டிருந்தவர் கேதீஸ்வரன். என் தட்டில் சாம்பாரை ஊற்றிவிட்டு, "அண்ணை, வரிசை நகருது" என்றார். அவ்வளவுதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நானும் இன்றுதான் சொல்கிறேன்.

இனி நான்கு வருடங்களுக்கு முன் நடந்த இரண்டாவது மோதல். அவர் பக்கம் மேனுகா, என் பக்கம் ஹரிப்பிரியா. மேனுகா யாழ்ப்பாணத்துப் பெண், ஹரிப்பிரியா கோயம்புத்தூர்ப் பெண். "எங்கட ஆள் எண்டு ஒரு சொல் சொல்லுங்கோ, வெண்டிடலாம்" என்று அவருடைய ஆட்களே அவரிடம் சொன்னார்கள். அவர் என்ன பதில் சொன்னார்? "ஓம், வெல்லலாம். பிறகு பத்து வருசத்துக்கு ஆளுக்கு ஆள் வீட்டை போகேலாது." இதை எனக்குச் சொன்னவர் அன்று அவரிடம் கோபித்துக்கொண்டு எழுந்து போனவரே. இப்போது கடைசி வரிசையில் இருக்கிறார், பெயர் சொல்லவில்லை.

வாக்களிப்புக்கு முந்தின நாள் கேதீஸ்வரன் மேனுகாவிடம், "ஒரு வாக்கால வெல்லுவீங்கள்" என்று சொன்னார். மறுநாள் முடிவு என்ன? ஹரிப்பிரியா முப்பத்திரண்டு, மேனுகா இருபத்தொன்பது. ஒன்றால் வெல்வோம் என்றவர் மூன்றால் தோற்றார். இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றிலிருந்து அவருக்குக் 'கணக்குப் பிழைச்ச கேதீஸ்' என்று பெயர் வைத்ததும் தெரியும். மேனுகா அவரோடு பேசுவதை நிறுத்தியதும் தெரியும். அதன்பிறகு யாரும் அவரைப் பிரச்சார வேலைக்குக் கூப்பிடவில்லை. பிளாக்டவுனில் ஒரு கல்யாண வீட்டில், "சாப்பாடு எத்தினை பேருக்கு எண்டு கேதீஸிட்டக் கேட்டிடாதேங்கோ" என்று ஒருவர் சொல்ல, மேசையே சிரித்தது. அவரும் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த நானும் சிரித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. போன வாரம்வரை அது எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது.

கட்சி விதி என்ன? வாக்களிக்க வேண்டுமானால், முந்தின ஒரு வருடத்தில் மூன்று கூட்டத்துக்காவது வந்து, பதிவேட்டில் அவரவர் தன் கையால் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். நம் வழக்கம் என்ன? கோயிலானாலும் சங்கமானாலும் வீட்டுப் பெரியவர் ஒருவர் எல்லோருக்குமாக எழுதிவிடுவார். மதிப்புக்குரிய குணரத்தினம் ஐயா அப்படித்தான் செய்தார். தன் பெயருக்குக் கீழே மனைவி கமலேஸ்வரி அம்மா, தங்கை ரஞ்சினி அம்மா, இரண்டு மருமகள்கள் என்று நான்கு பேருக்கும் அவரே கையெழுத்திட்டார். ஒவ்வொரு கூட்டத்திலும். ஒரே பேனா, ஒரே கை. அந்த நான்கு பேரும் ஹரிப்பிரியாவின் வாக்குகள்.

பதிவேட்டைப் புரட்டும்போது அதை நான் பார்த்தேன். வாக்களிப்புக்கு முன் இன்னும் மூன்று கூட்டம் பாக்கி இருந்தது. சரிசெய்திருக்கலாம். ஆனால் எழுபத்தாறு வயதுப் பெரியவரிடம் போய், உங்கள் மனைவிக்கு நீங்கள் கையெழுத்துப் போடக்கூடாது என்று எப்படிச் சொல்வது? சங்கடப்பட்டேன். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று விட்டுவிட்டேன். கேதீஸ்வரன் கவனிக்காமல் விடுவாரா!

இப்போது கூட்டிப் பாருங்கள். அவர் கணக்கு, மேனுகாவுக்கு இருபத்தொன்பது, எங்களுக்கு இருபத்தெட்டு. மொத்தம் ஐம்பத்தேழு. அன்று வாக்களித்தவர்கள் அறுபத்தொரு பேர். மிச்சம் நான்கு பேர் யார்? அந்த நால்வரும் வாக்களிக்க முடியாது என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். ஆட்சேபணைக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் அன்று வந்தார். மேனுகாவுக்கே அது தெரியாது. இந்த மாதிரி வேலைகளை வேட்பாளரின் காதுக்குக் கொண்டுபோவதில்லை என்பது அவர் பழக்கம். அவரைப் புனிதராக்க நான் இங்கே வரவில்லை. அந்த நான்கு பெண்களையும் வெளியே நிறுத்தி வெல்வதுதான் அவருடைய வியூகம், விதிப்படி அது சரியான வியூகமும்கூட.

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த தேர்தல் அதிகாரி எழுந்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். நான் கேதீஸ்வரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கையில் தேநீர்க் கோப்பை. மற்றக் கை சட்டைப் பையின் மேல். இரண்டாம் முறையும் கேட்டார். "ஒண்டுமில்லை, மேடம்" என்று கேதீஸ்வரன் தமிழிலேயே சொல்லிவிட்டுத் தலையை ஆட்டினார்.

எல்லாம் முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் நானே அவரிடம் போனேன்.

"அந்த நாலு கையெழுத்தையும் பார்க்கலையா, கேதீஸ்?"

"பாத்தனான். கடிதமும் எழுதிக்கொண்டுதான் வந்தனான்."

"அப்புறம் ஏன் குடுக்கல?"

"தேத்தண்ணி எடுக்கக் குசினிக்குப் போனனான், அண்ணை. நாலு பேரும் அங்க நிக்கினம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவைதான் தேத்தண்ணி போட்டவை. நானும் குடிச்சனான். குடிச்சுப்போட்டு, அவை வரேல்லை எண்டு எப்பிடி எழுதிக் குடுக்கிறது?"

"நீங்க ஜெயிச்சிருப்பீங்களே!"

"ஓம். ஒண்டால."

மேனுகாவிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். "சொன்னால் அவா தலைமை அலுவலகத்துக்கு முறைப்பாடு குடுப்பா. குடுக்கிறது பிழையுமில்லை. பிறகு பேப்பரில கள்ள வோட்டு எண்டு அந்த நாலு பேற்றை பேரும் வரும். கமலேஸ்வரி அன்ரி அதுக்குப் பிறகு வீட்டை விட்டு வெளியில வருவாவோ?" என்றார். அவ்வளவு சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நண்பர்களே! என்னிடம் அவர், யாருக்கும் சொல்லாதீர்கள் என்று கேட்கவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் கேட்கவே இல்லை. நான்தான் சொல்லவில்லை. அந்தப் பெண்களைக் காப்பாற்றவா? ஆறு மாதம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. சொல்லியிருந்தால் என் வெற்றி போயிருக்கும். அந்த வெற்றி எனக்கு இனித்தது.

சென்ற ஞாயிறு குணரத்தினம் ஐயா வீட்டுக்குப் போனேன். இப்படிப் பேசப் போகிறேன், உங்கள் சம்மதம் வேண்டும் என்றேன். கமலேஸ்வரி அம்மாதான் பேசினார். "சொல்லுங்கோ தம்பி. நாங்கள் ஒரு கூட்டமும் விடாமல் வந்தனாங்கள். வராத ஆக்கள் மாதிரி ஏன் ஒளிக்க வேணும்? என்ர கையெழுத்தை என்னட்டைக் கேட்டிருந்தால் நானே போட்டிருப்பன்" என்றார். நான்கு வருடமாக நான் பயந்த சங்கடம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இன்று காலை ஹரிப்பிரியாவிடமும் சொன்னேன். "அங்கிள், இதை அப்பவே சொல்லியிருந்தா நான் ரிசைன் பண்ணியிருப்பேன்" என்றார். தெரியும், அதனால்தான் சொல்லவில்லை என்றேன். கோபத்தில் அழுதார். இருந்தும் இந்த மேடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மீது இதில் ஒரு துளிக் குற்றமும் இல்லை.

அடுத்த மாதம் மறுபடியும் உட்கட்சித் தேர்தல். இந்த முறை நான் யாருக்கும் வியூகம் வகுக்கப் போவதில்லை. ஆனால் கேதீஸ்வரனின் வேலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறேன், இது உங்கள் எல்லோர் முன்னிலையிலும் நான் கொடுக்கும் வாக்கு. இனி இந்தக் கிளையின் ஒவ்வொரு கூட்டத்திலும் பதிவேட்டை நானே சுமந்துகொண்டு ஆள் ஆளாகப் போவேன். வாசலில் நிற்பவரிடமும் போவேன், அடுப்படியில் நிற்பவரிடமும் போவேன். எந்தப் பெரியவர் முகம் சுளித்தாலும் பேனாவை அவர் மனைவியின் கையில் கொடுப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வில்லாவுட்டுக்கு யார் போகப் போகிறீர்கள்? கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். என் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.

மேனுகா, உங்களுக்காக வேலை செய்த மனிதர் எண்ணத் தெரியாதவர் அல்ல. உங்களுக்குச் சொன்ன எண்ணிக்கையைக் கடைசி நிமிடத்தில் அவரே வேண்டாமென்று விட்டார். அது உங்களுக்குச் செய்த துரோகமா என்று நீங்கள் கேட்கலாம், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அவர் தவறு செய்துவிட்டார் என்று நினைத்து நீங்கள் பேசாமல் இருந்தீர்களே, அந்தத் தவறு அவர் செய்ததல்ல.

யோகராணி அம்மா, இந்த ஊர் சிரித்தபோது உங்கள் கணவர் வீட்டுக்கு வந்து உங்களிடமாவது இதைச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. நீங்கள் இப்போது தலையை அசைப்பதைப் பார்த்தால் சொல்லவில்லை என்று தெரிகிறது. அப்படியானால் நீங்களும் நான்கு வருடம் அவர் தோற்றுவிட்டார் என்றே நினைத்திருக்கிறீர்கள். ஒரு டெலிபோன் பேசி நான் அதை முடித்திருக்கலாம். என் வீட்டிலிருந்து உங்கள் வீடு ஆறு நிமிடம். அவர் உயிரோடு இருந்த அத்தனை நாளும் அது ஆறு நிமிடம்தான். நான் வரவில்லை, அம்மா.