வெட்டினவன்ரை பேர்

"நான் உன்னைக் கொல்லேல்லை மச்சான்" என்ற குரல் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு இளைஞர்கள். இவர்களும் நண்பர்களுமாக ஆறு பேர் கணினியில் கூடி விளையாடும் ஒரு மேசை விளையாட்டைப் பற்றிய கதை என்று போகப்போக விளங்கியது. அதை இயக்கும் ஸ்கிரிப்ட்களை, அதாவது கணினிக் கட்டளைகளை, எழுதியவன் கண்ணாடி போட்டவன். விளையாட்டில் செத்துப்போனது மற்றவனுடைய வீரன்.

"வெட்டுற பட்டனை ஆர் அமத்தினது எண்டு முதல் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். வெட்டினது ஆர் எண்டு திரையிலை போடுற ரெண்டாவதை அது கூப்பிடேக்கை அந்தப் பேரையும் குடுத்துவிட வேணும். நான் அதை எழுத மறந்திட்டன். பேர் வராட்டி, ரெண்டாவது ஸ்கிரிப்ட், விளையாட்டு மேசையைத் திறந்த சொந்தக்காரன்ரை பேரைப் போட்டிடும். மேசை என்ரை. அதாலைதான் வெட்டினது நான் எண்டு விழுந்தது."

"ஓம், விளங்குது."

"அண்டைக்கு ஒருத்தரும் நம்பேல்லையே. மூண்டு வருசம் நீ வளத்த வீரனை எரிச்சலிலை வெட்டிப்போட்டன் எண்டு பேசி, குழுவாலையும் என்னை எடுத்துவிட்டியள். உண்மையா அமத்தினது ஆர் எண்டு இனிக் கண்டுபிடிக்கவும் ஏலாது."

மற்றவன் வெளியே பார்த்தபடி சொன்னான்.

"ரமணன்தான். கை தவறிப் பட்டிட்டுதெண்டு அண்டைக்கே எனக்குச் சொன்னவன்."

"அண்டைக்கேயோ?"

"அதுக்குள்ளை எல்லாரும் உன்னைப் பேசத் துவங்கீட்டினம். பிறகு எப்பிடி மச்சான் சொல்லுறது?"

"ரெண்டாவது ஸ்கிரிப்டுக்குத் தெரியாமல் போனது என்ரை பிழை. ஆனா உனக்குத் தெரிஞ்சிருந்ததுதானே?"

கண்ணாடி போட்டவன் அரியாலையில் இறங்கினான். வாறன் என்று சொல்லவில்லை.