கழுதைக்கு எவ்வளவு மெமரி வேணும்

— அறுபத்திநாலு ஜி.பி. போதும்ங்க. நூத்திருபத்தெட்டெல்லாம் எனக்கெதுக்கு?

— மேடம், ஒரே வார்த்தையில சொல்றேன். ராம் மெமரியில மட்டும் சிக்கனம் பாக்காதீங்க. இன்னைக்குக் கம்மியா போட்டுட்டு, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு ஜோடி வாங்கிச் சொருகினா, பழசும் புதுசும் ஒத்துப்போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. அப்புறம் என் கடைக்குத்தான் ஓடி வருவீங்க. நானும் அதைக் கழட்டி, இதை மாட்டி...

— ஒரே வார்த்தைன்னீங்களே, கடைக்காரரே!

— சார், நீங்களே உங்க வீட்டம்மாவுக்கு எடுத்துச் சொல்லுங்க.

— நான் லிஃப்ட் மெக்கானிக்குங்க. எனக்கு இதுல என்ன தெரியும்? ஊர்ல இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வெச்சுட்டு, உங்க கடைக்கு மூணு மாடி படியேறி வந்திருக்கேன். இன்னும் மூச்சு அடங்கல. நூத்திருபத்தெட்டே எழுதிக்குங்க.

— உங்களுக்கென்னங்க, வாயிருக்குன்னு சொல்லிடுவீங்க. எழுதாதீங்க அண்ணே.

— சரி, சரி. வேலை என்னன்னு கொஞ்சம் சொல்லுங்க மேடம். அனிமேஷன்னீங்க. ஏதாவது கம்பெனிக்கா?

— இல்ல. சொந்தமா ஒரு படம். ஒம்பது நிமிஷம்தான். ஒரு கழுதையப் பத்தி.

— கழுதையா?

— தினமும் ஒரு கிணத்துக்குப் போய் எட்டிப் பாக்கிற கழுதை. ஆறு வருஷமா ஒத்தை ஆளா பண்றாங்க, எங்க டைரக்டரம்மா.

— சும்மா இருங்களேன்.

— ஒத்தை ஆளாவா! பெரிய விஷயம் மேடம். கழுதைக்கு உடம்பெல்லாம் முடி இருக்கா?

— இருக்கு. காத்தடிச்சா அசையும்.

— அப்பப் பேச்சே கிடையாது. முடின்னு வந்துட்டாலே கிராஃபிக்ஸ் கார்டுலயே இருபத்திநாலு ஜி.பி. வேணும். அதுல இடம் பத்தலைன்னா, மெஷின் படத்த வரைஞ்சு எடுக்கிற ரெண்டர் நடுவழியில நின்னுரும். இப்ப இருக்கிற மெஷின்ல அதானே பிரச்சினை?

— ம். நின்னுருது.

— எப்ப நிக்குது? ரெண்டர் போட்ட உடனேயா, சூடாகி நிக்குதா? திரையில ஏதாவது எழுதிக் காட்டுதா?

— அதெல்லாம் கவனிக்கலைங்க. திடீர்னு நின்னுரும். அவ்ளோதான்.

— சரி, விடுங்க. ப்ராசஸர் பதினாறு கோர்ல ஒண்ணு இருக்கு, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம். ரெண்டு எஸ்.எஸ்.டி. ஒண்ணுல சாஃப்ட்வேர், இன்னொண்ணுல உங்க வேலை. பவர் சப்ளை ஆயிரம் வாட்டுக்குக் கீழ நான் தர மாட்டேன். கூலர் பெருசா வேணும். கேபினெட் கொஞ்சம் உசரமா இருக்கும். வீட்டுல இடம் இருக்கா?

— மேஜைக்கடியில அம்பது சென்டிமீட்டர் இருக்கு. பின்னாடி காத்து போகவும் ஒரு சாண் விட்டிருக்கேன்.

— நீங்க எப்பங்க அளந்தீங்க?

— நீ குளிக்கப் போனப்ப. டேப் எப்பவும் பையிலதானே கெடக்கு. மேஜைகிட்ட இருக்கிற ஸ்விட்சுக்குத் தனியா ஒரு ஒயர் இழுத்துட்டேன். இனிமே அயர்ன் பாக்ஸ் போட்டா ஃப்யூஸ் போகாது.

— சார் முழுசா தயாராத்தான் வந்திருக்காரு. மேடம், அந்தக் கார்டு ஸ்டாக்கு பின்னாடி ரூம்ல இருக்கான்னு பாத்துட்டு வரேன். அந்த மானிட்டர்ல கலர் எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டு இருங்க. உக்காருங்க சார், ஸ்டூல் இருக்கு.

— போய்ட்டு வாங்க. அப்பாடா. முட்டி கழண்டு விழுந்துரும் போல. நீயும் உக்காரு.

— பரவால்ல.

— உக்காரும்மா. கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு.

— நாம கெளம்பலாமா?

— எங்க?

— வீட்டுக்கு. அவர் வர்றதுக்குள்ள. அப்புறம் வரோம்னு ஃபோன்ல சொல்லிக்கலாம்.

— அரை நாள் லீவு போட்டு வந்திருக்கேன். இன்னொரு தடவ இந்தப் படி ஏறச் சொல்றியா?

— இன்னொரு தடவ வேண்டாம். எப்பவுமே வேண்டாம். எனக்கு மெஷினே வேண்டாங்க.

— ஏன்?

— கேக்காதீங்க.

— சரி, கேக்கல.

— இப்படித்தான். எதையும் கேக்க மாட்டீங்க. ஆறு வருஷமா காலையில காப்பி போட்டு என் மேஜையில வெச்சுட்டு, கதவ சத்தம் வராம சாத்திட்டு வேலைக்குப் போறீங்க. அந்தக் கதவுக்கு எண்ணெய் வேற போட்டு வெச்சிருக்கீங்க. ஒரு நாளாவது படார்னு சாத்தியிருந்தா நான் எப்பவோ சொல்லியிருப்பேன்.

— எதை?

— படம் முடிஞ்சிருச்சு.

— ம்.

— காதுல விழுந்துச்சா? முடிஞ்சிருச்சு. நாலு மாசமாச்சு. பழைய மெஷின்லயே முடிச்சேன். அது எங்கயும் நிக்கல. நின்னுருதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய்.

— அது தெரியும்.

— என்ன தெரியும்?

— மெஷின் நிக்கலைன்னு. எனக்குப் பொழப்பே அதானே. மோட்டார் எப்படி ஓடுதுன்னு கதவுக்கு வெளிய நின்னே சொல்லிருவேன். உன் மெஷின் வேலை செஞ்சா உள்ள இருக்கிற ஃபேன் கத்தும், ஹால் வரைக்கும் கேக்கும். நாலு மாசமா அந்த ரூம்ல சத்தமே இல்ல.

— அப்ப நான் தினம் சும்மா உக்காந்திருந்தது...

— சும்மான்னு நான் சொல்லல. உக்காந்திருந்த.

— எனக்கு எந்திரிச்சு வரத் தெரியலைங்க. முடிஞ்ச அன்னைக்கு முழுசா ஓட்டிப் பாத்தேன். நல்லா இல்ல. ஒவ்வொரு ஷாட்டா பாத்தா பரவால்ல. சேத்துப் பாத்தா உசுரே இல்ல. உங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? அதான் மெஷின் மேல பழியப் போட்டேன். நீங்க என்னடான்னா, உடனே வா கடைக்குப் போலாம்னு கெளம்பிட்டீங்க.

— நான் பாத்தேன்.

— எதை?

— படத்த. நீ பல் டாக்டரப் பாக்கப் போயிருந்தியே, அன்னைக்கு. ‘முடிஞ்சது’ன்னு பேர் வெச்சு நடு ஸ்கிரீன்ல கெடந்துச்சு. தப்புதான், கேக்காம பாத்திருக்கக் கூடாது.

— எனக்குத் தெரியாமயா?

— திட்டறதா இருந்தா திட்டிக்கோ.

— திட்டறதுக்கெல்லாம் தெம்பு இல்ல. சொல்லுங்க. எப்படி இருந்துச்சு?

— நிஜமாவா?

— நிஜமா.

— பாதியில தூங்கிட்டேன்.

— ஓ.

— அன்னைக்கு டபுள் ஷிஃப்ட், அதனாலதான்னு நெனச்சேன். மறுநாள் நீ கடைக்குப் போனப்ப முகத்தக் கழுவிட்டு உக்காந்து பாத்தேன். மறுபடியும் தூங்கிட்டேன்.

— சிரிக்கறதா அழறதான்னு தெரியலைங்க.

— ஆனா ஒரு எடத்துல கழுதை ஒரு காதை மட்டும் மடக்கும் பாரு. ரெண்டு செகண்டு இருக்குமா? அதை மட்டும் பத்துத் தடவ போட்டுப் பாத்திருப்பேன். அதுல உசுரு இருந்துச்சு.

— அதுதான் நான் கடைசியா பண்ணுனது. அதுக்குள்ள மிச்சமெல்லாம் முடிஞ்சு போச்சு.

— அப்படியா? சரிதான்.

— ரெண்டு செகண்டுக்கு ஆறு வருஷம். போதும்ங்க. நான் ஏதாவது ஆபீஸ்ல வேலைக்குச் சேந்துக்கறேன். விளம்பரக் கம்பெனியில கூப்பிடறாங்க. இவ்ளோ தெரிஞ்சும் எதுக்கு என்னை இங்க இழுத்துட்டு வந்தீங்க? முடிஞ்சு போன படத்துக்கு யாராவது மெஷின் வாங்குவாங்களா?

— மேடம், கார்டு இருக்கு! ஒண்ணே ஒண்ணுதான் மிச்சம். ஒரே வார்த்தையில சொல்லுங்க, எழுதவா, வேண்டாமா?

— எழுதுங்க கடைக்காரரே. என்னம்மா பாக்கற? போன வாரம் மருந்துக் கவர் பின்னால பென்சில்ல ஒரு குடைக்காரன வரைஞ்சு, அவன் நடக்கறதுக்குப் பதினாறு படம் வரிசையா போட்டு தலகாணிக்கடியில வெச்சிருக்கியே, இந்த மெஷின் அவனுக்கு.